உளுந்தஞ்சோற்றில் ஒரு கல்

பொன்செல்வி இரண்டாம் முறை தாலிக்குக் கழுத்தை நீட்டியபோது அவளுக்கு வயது நாற்பத்தேழு. மாப்பிள்ளை ராஜதுரைக்கு ஐம்பத்தைந்து. சங்கரன்கோவில் அம்பாள் சன்னதியில் மாலை மாற்றிக்கொண்டார்கள். பிரகாரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்து, ஓட்டலில் இட்லியும் வடையும் சாப்பிட்டார்கள். கல்யாணம் அவ்வளவுதான். பந்தல், மேளம், வீடியோக்காரர் எதுவும் கிடையாது.

பேசி முடித்ததே பொன்செல்வியின் மகள் தேன்மொழிதான். "கோயமுத்தூர்ல இருந்துகிட்டு, சாப்பிட்டியா தூங்குனியான்னு தெனமும் போன்ல கேக்க எனக்கு ஆகல. பக்கத்துல இருந்து கேக்க ஒரு ஆள் வேணும்மா" என்று ஒரே பிடியாக நின்றாள். ராஜதுரையின் மகன் பிரவின்ராஜுக்குச் சென்னையில் வேலை. அவன், "அப்பா இஷ்டம்தான்" என்றான். அம்மா போன பிறகு அப்பா மூன்று வேளையும் கடைச் சாப்பாடு சாப்பிடுவது அவனுக்கும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

அதுவரை பொன்செல்வி புளியங்குடியில் ஒரு எலுமிச்சைக் கடையில் வேலை பார்த்தாள். குவித்துப் போட்ட காய்களில் பழுத்தது, பச்சை, புள்ளி விழுந்தது, அடிபட்டது எனப் பிரித்து மூட்டை கட்ட வேண்டும். முதல் புருஷன் போனதிலிருந்து அந்தக் குவியல்தான் அவளுக்குச் சோறு போட்டது. சோறு போட்டதற்குக் கூலியாக அவள் கைத்தோலை எடுத்துக்கொண்டது. விரல் நுனியெல்லாம் வெடிப்பு. வெடிப்புக்குள் கருப்புக் கோடு. எலுமிச்சைச் சாறு பட்ட கையோடு வெயிலில் நின்று நின்று புறங்கையில் திட்டுத் திட்டாகக் கருத்திருந்தது. மாலை மாற்றும்போதுகூடச் சேலைத் தலைப்பைக் கைமேல் இழுத்துவிட்டுக்கொண்டுதான் மாற்றினாள்.

ராஜதுரை நல்ல மனுஷன் என்பது முதல் வாரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் பின்னாலேயே அவருடைய தறி செட் இருந்தது. ஆறு விசைத்தறிகள். பாதியை அவரே ஓட்டுவார், பாதியைப் பொன்னுச்சாமி என்ற ஆள் பார்த்துக்கொள்வான். காலையில் தறி ஓடத் தொடங்கினால் வீட்டுச் சுவரே அதிரும். அந்தச் சத்தத்துக்குள் முப்பது வருஷமாக இருக்கிற மனிதர், வீட்டுக்குள் வந்தால் பூனை மாதிரி நடந்தார். கட்டிய மனைவியை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டார். "நீங்க சாப்பிட்டியளா?", "நீங்க படுங்க, நான் கதவடைக்கேன்." பொன்செல்விக்கு அது மரியாதையாகவும் இருந்தது, யாரோ வீட்டுக்கு விருந்தாளியாக வந்த மாதிரியும் இருந்தது.

ஆனால் அவரிடம் சில விஷயங்கள் அவளுக்குப் பிடிபடவில்லை.

விடிகாலையில் அவளுக்கு முன்னால் எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டால், பல் விளக்கி வெளியே வர அரை மணி நேரம் ஆகும். சிரிப்பு வந்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொள்வார். அவள் ஆசையாகச் சுட்டு வைத்த முறுக்கை ஒருநாளும் தொட்டதில்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள் பிரியாணிக் கடைக்குக் கூட்டிப்போனார். இலையில் வந்த கறித்துண்டை எல்லாம் பொறுக்கி அவள் இலையில் வைத்துவிட்டு, வெறும் சோற்றை மட்டும் சாப்பிட்டார். இந்த வயதில் நமக்கு இப்படி ஒரு கொடுப்பினையா என்று பொன்செல்வி பூரித்துப்போனாள்.

இன்னொன்று, அவள் எதைச் சொன்னாலும் தலையாட்டினார். "சாயங்காலம் பூ வாங்கிட்டு வாங்க" என்றால் தலையாட்டுவார், வெறுங்கையோடு வருவார். "தண்ணி டேங்க் வழியுது" என்றாலும் தலையாட்டுவார். டேங்க் பாட்டுக்கு வழிந்துகொண்டிருக்கும். சும்மா இருக்கும் நேரத்தில் சாவிக்கொத்தில் தொங்கும் சின்னக் கம்பிக் கரண்டியைக் காதுக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு குடைவார். அதில் அவருக்கு அப்படி ஒரு சுகம்.

பொன்செல்வியும் ஒன்றும் குறைந்தவள் இல்லை. அவளுக்குக் கிட்டப் பார்வை போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. தூரத்தில் வருகிற பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிப்பாள். கையில் இருக்கிற டிக்கெட்டைப் படிக்க மாட்டாள். எலுமிச்சைக் கடையில் அது பெரிதாகத் தெரியவில்லை, தொட்டாலே காயின் பக்குவம் கைக்குத் தெரிந்துவிடும். இங்கே வந்து, புதுப் பெண்டாட்டி கண்ணாடியும் அதுவுமாக நின்றால் 'கெழவியைக் கட்டிட்டு வந்திருக்கான்' என்று தெருவில் சொல்வார்களோ என்று நினைத்தாள். தேன்மொழி போனில் எழுதி அனுப்புவதை எல்லாம், "நெட்வொர்க் சரியில்ல, வாயால சொல்லு" என்று சமாளித்தாள். ஊசியில் நூல் கோர்க்கப் பக்கத்து வீட்டு ஆயிஷம்மாளிடம் போய்விடுவாள். சமையலைக் கைப்பழக்கத்திலேயே ஓட்டினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கைப்பழக்கம் அவள் காலை வாரிவிட்டது.

பொன்னுச்சாமிக்குக் குருவிகுளம் பக்கம் சொந்த ஊர். கரிசல் காட்டில் விளைந்த உளுந்து கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்திருந்தான். தோலோடு உடைத்த கருப்பு உளுந்து. பொன்செல்வி சுளகில் போட்டுப் புடைத்து, விரலால் துழாவிப் பார்த்து, பூண்டும் தேங்காயும் வெந்தயமும் போட்டு உளுந்தஞ்சோறு ஆக்கினாள். எள்ளுத் துவையல் அரைத்தாள். கருப்பு உளுந்துக்குள் கருப்புக் கல் கிடந்தால், நல்ல கண்ணுக்கே தெரிவது கஷ்டம்.

மதியம் இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பொன்னுச்சாமி தறி ஓட்டிக்கொண்டிருந்தான். இரண்டாவது வாயிலேயே பொன்செல்வியின் பல்லில் நறுக்கென்று ஒன்று அகப்பட்டது. எடுத்துப் பார்த்தாள். கல்.

"ஏங்க, கல்லு இருக்கு!" என்றாள்.

ராஜதுரை முகமெல்லாம் மலர்ந்து தலையாட்டினார். "ஆமா ஆமா, நல்லா இருக்கு."

"கல்லு இருக்குங்கேன்!"

"அதான் சொல்லுதேன்லா, ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லி, அவள் மனம் குளிர வேண்டும் என்று ஒரு பெரிய உருண்டையாக உருட்டி வாயில் போட்டு அழுத்திக் கடித்தார்.

படக்கென்று ஒரு சத்தம். தறிச் சத்தத்தையும் மீறி அது பொன்செல்வியின் காதில் விழுந்தது.

ராஜதுரையின் முகம் வெளிறியது. எதையோ தட்டில் துப்பினார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து, கையைக்கூடக் கழுவாமல் விறுவிறுவென்று செட்டுக்குள் போய்விட்டார்.

பொன்செல்வி அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துத் துழாவினாள். விரலில் ஒரு துண்டு தட்டுப்பட்டது. கையை நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். ஒரு பல். பல் மட்டும் இல்லை, அதோடு ஒட்டிக்கொண்டு ரோஸ் நிறத்தில் ஈறும் சேர்ந்து பெயர்ந்து வந்திருந்தது.

மனுஷன் வாயில் ரத்தம் கொட்டிக்கொண்டு நிற்பாரே என்று, அந்தத் துண்டை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு செட்டுக்கு ஓடினாள்.

உள்ளே தறிகள் டக்கா டக்கா என்று அடித்துக்கொண்டிருந்தன. ராஜதுரை கடைசித் தறிக்குப் பக்கத்தில், துண்டு பொத்திய வாயோடு, அறாத நூலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பொன்செல்வி கூப்பிட்டாள். திரும்பவில்லை. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டாள். திரும்பியவர் அவள் கையில் இருந்ததைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அவள் வாயைத் திறந்து காட்டச் சொல்லிக் கத்தினாள். அவர் தலையாட்டினார், துண்டை எடுக்கவில்லை. பொன்னுச்சாமி தன் தறியை விட்டு வந்து, அவள் உள்ளங்கையை எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனான்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஆறு தறிகளும் ஒன்றாக நின்றன. அடித்துக்கொண்டிருந்த மழை வெட்டென்று விட்ட மாதிரி அமைதி. அந்த அமைதியில் பொன்செல்வி முழுத் தொண்டையில் கத்திக்கொண்டிருந்தது தெருவரைக்கும் கேட்டது:

"ஈறோட பேந்து வந்துட்டே! ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா வாங்க!"

ராஜதுரை துண்டுக்குள்ளிருந்து மெல்லச் சொன்னார்: "அது ஈறு இல்ல."

"பெறகு?"

"பிளாஸ்டிக்."

பொன்னுச்சாமி, தான் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே நடந்தான்.

நூல் மூட்டைகள் மேல் இருவரும் உட்கார்ந்தார்கள். ராஜதுரை வாயிலிருந்து மீதித் துண்டையும் எடுத்து அவள் கையில் இருந்த துண்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு பல் செட்டின் இரண்டு பாதிகள். தறியில் விடிய விடிய வேலை பார்த்த காலத்தில் தூக்கம் வராமல் இருக்கப் புகையிலை அடக்கிய வாய் அது. ஈறு கெட்டு, மேல்வரிசைப் பற்கள் ஒவ்வொன்றாக ஆடி விழுந்துவிட்டன. புகையிலையை விட்டுப் பல வருஷம் ஆகிறது. போன பல் போனதுதான்.

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றார். பல் இல்லாத வாயில் வார்த்தைகள் காற்றோடு வந்தன. "நீ வேண்டாம்னு சொல்லிருவியோன்னு பயந்துட்டேன் செல்வி."

'நீ' என்று சொன்னதை இருவருமே கவனித்தார்கள்.

"அப்ப பிரியாணிக் கடையில கறியெல்லாம் எனக்கு எடுத்து வச்சிய…"

"மெல்ல முடியல."

பொன்செல்விக்கு முதலில் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அப்புறம் அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே தன் கதையையும் சொன்னாள். கிட்டத்தில் எதுவும் தெரியாது என்பதையும், உளுந்தில் கல் பார்த்தது விரலால்தான் என்பதையும், போனில் நெட்வொர்க் எப்போதும் நன்றாகவே இருக்கிறது என்பதையும்.

"ஆனா கல்லு இருக்குன்னு நான் ரெண்டு மட்டம் சொன்னேனே! அப்பவும் கடிச்சிட்டியளே!"

ராஜதுரை விழித்தார். "கல்லா? நல்லா இருக்கான்னு கேட்டன்னுலா நெனச்சேன்."

அதற்குமேல் பொன்செல்வியால் முடியவில்லை. நூல் மூட்டையில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ராஜதுரை துண்டைத் தேடினார். அது அவள் மடியில் கிடந்தது. பொத்திக்கொள்ள ஒன்றும் இல்லாமல் அவரும் வாயைத் திறந்து சிரித்தார். அந்தப் பொக்கைச் சிரிப்பு அவருடைய முகத்துக்கு நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் பல் டாக்டரிடம் போனார்கள். சின்ன வயதுப் பெண் டாக்டர். வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "ராத்திரி செட்டைக் கழட்டி வைக்கிறீங்களா ஐயா?" என்று கேட்டார்.

ராஜதுரை மேலே ஓடிய ஃபேனைப் பார்த்தார்.

"முன்னால கழட்டி வப்பேன்" என்றார் கடைசியில். "கல்யாணத்துக்கு அப்பறம் கழட்டல."

டாக்டர் பொன்செல்வியைப் பார்த்தார். பொன்செல்வி சேலைத் தலைப்பைப் பார்த்தாள். டாக்டருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவர் கேலி செய்யவில்லை. தகடு ராப்பகலாக ஒட்டியே இருந்ததால் அண்ணம் முழுக்கச் சிவந்து, வெள்ளை படிந்திருப்பதைக் கண்ணாடியில் காட்டினார். வலிக்கவில்லையா என்று கேட்டார். வலித்தது, பொறுத்துக்கொண்டேன் என்றார் ராஜதுரை. புண் ஆறும்வரை பல்லே மாட்டக் கூடாது; அப்புறம்தான் புதுச் செட்டுக்கு அளவெடுக்க முடியும். இனிமேல் தினமும் படுக்கப் போகும்போது கழற்றி, மெதுவான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, பச்சைத் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். சுடுதண்ணீர் ஊற்றினால் தகடு வளைந்துபோகும். மீதிப் பல்லையும் ஈறையும் காலையில் மட்டுமல்ல, ராத்திரியும் விளக்க வேண்டும்.

"இவ்வளவு நாள் வலிய வச்சிக்கிட்டா என் முன்னால உக்காந்து சாப்பிட்டிய?" என்று பஸ்ஸுக்கு நிற்கும்போது பொன்செல்வி கேட்டாள். கோபத்தில் அவள் குரல் உயர்ந்ததால் அது அவருக்கு நன்றாகவே கேட்டது. அவர் அவளுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

புண் ஆறும்வரை வீட்டில் பல்லுக்கே வேலை இல்லாத சமையல். இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், கீரை மசியல், பருப்புக் கஞ்சி. பல் இல்லாமல் அவர் 'செல்வி' என்று கூப்பிட்டால் 'ஃபெல்வி' என்று வந்தது. அதைக் கேட்பதற்காகவே அவள் சில நேரம் முதல் தடவை கூப்பிடும்போது திரும்ப மாட்டாள்.

கண்ணாடிக்குப் போனது அதே வாரத்தில். கண்ணைச் சோதித்தவர், இந்த வயதில் எல்லோருக்கும் வருவதுதான், இத்தனை நாள் கண்ணைச் சுருக்கிச் சுருக்கித் தலைவலியை வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்றார். தலைவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தது பொன்செல்விக்கு நினைவு வந்தது. கண்ணாடிக் கடையில் ராஜதுரைதான் ஃபிரேம் எடுத்தார். அவள், போட்டால் வெளியே தெரியாத மெல்லிய கம்பி ஃபிரேமாகத் தேடினாள். அவர் பழுப்பு நிறத்தில் நல்ல தடிமனான ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுதான் உன் மொகத்துக்கு எடுப்பா இருக்கு. போட்டா போட்டது தெரியணும்லா" என்றார். கடைக்காரர் தாவீது, "அண்ணாச்சிக்கு ரசனை இருக்கு" என்று சொன்னதில் வியாபாரமும் கொஞ்சம் இருந்தது, உண்மையும் இருந்தது.

வீட்டுக்கு வந்து கண்ணாடியோடு அடுப்படிக்குள் நுழைந்த பொன்செல்வி அரண்டுபோனாள். அடுப்பு மேடையின் மூலையில் பிசுக்கு, மிளகாய்ப்பொடி டப்பா இடுக்கில் எறும்பு. இத்தனை நாள் இந்த அழகில்தான் புழங்கினோமா என்று அன்றைக்கே எல்லாவற்றையும் இறக்கிப் போட்டுத் தேய்த்தாள். தேய்த்து முடித்துக் கையைத் துடைக்கும்போதுதான் தன் கையைப் பார்த்தாள். மூன்று வருஷமாக மங்கலாகவே பார்த்துப் பழகிய கை. வெடிப்புகள் அவள் நினைத்ததைவிட ஆழம். ஒன்றிரண்டில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது.

ராஜதுரை வாசலில் நின்று அவள் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய், சட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு களிம்பு டியூபை எடுத்து வந்தார்.

"எப்ப வாங்குனிய இத?"

"மால மாத்தும்போதே கையப் பாத்தேன். மறுநாளே வாங்கிட்டேன். குடுத்தா, வந்ததும் வராததுமா கையக் கொற சொல்லுதான்னு நெனப்பியோன்னு வச்சிட்டேன்."

பொன்செல்வி டியூபைக் கண்ணாடி வழியாகப் படித்தாள். வெறும் வாஸ்லின் மாதிரித்தான் எழுதியிருந்தது. ஒரு எழுத்து விடாமல் எல்லாவற்றையும் படித்தாள்.

பிறகு போய்ப் பார்த்த தோல் டாக்டரும் அந்த மாதிரிக் களிம்பைத்தான் தடவச் சொன்னார். சோப்புத் தண்ணீரில் கை ஊறக் கூடாது; கழுவியதும் இடுக்கு விடாமல் ஒற்றித் துடைத்து, ஈரப் பதம் போவதற்குள் தடவிவிட வேண்டும்; வெயிலில் போனால் கையை மூடிக்கொள்ள வேண்டும். கருப்புத் திட்டு மெல்லத்தான் மங்கும், வெடிப்பு சீக்கிரம் ஆறிவிடும் என்றார். அன்றிலிருந்து பாத்திரம் கழுவுவது ராஜதுரை வேலை. பின்பக்கக் குழாயடியில் அவர் குந்தி உட்கார்ந்து சட்டி தேய்ப்பதை ஆயிஷம்மாள் மதில் மேலாக எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி, புதுசா வேலைக்குச் சேந்திருக்கியளா?"

"ஆமாக்கா, சாப்பாடு போட்டு வச்சிருக்காவ."

ஆயிஷம்மாள் சிரித்துக்கொண்டே போனாள். மறு வாரம் அவள் வீட்டுக்காரரும் குழாயடியில் உட்கார்ந்திருந்ததாகக் கேள்வி.

கடைசியாகக் காது. அதற்கு ராஜதுரை லேசில் சம்மதிக்கவில்லை. "தறிக்காரன் காது இப்படித்தான் இருக்கும்" என்றார். பொன்செல்வி விடவில்லை. "எனக்குத் தொண்டை போவுது. அதுக்காவது வாங்க" என்று தென்காசிக்குக் கூட்டிப்போனாள்.

காது டாக்டர் குழாய் வைத்துப் பார்த்ததும், "எதை வச்சுக் குடையுறீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். ராஜதுரை சாவிக்கொத்தை எடுத்துக் காட்டினார். டாக்டர் அந்தக் கரண்டியை வளையத்திலிருந்து கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். காதில் ஊறும் குறும்பி அழுக்கில்லை, காதைக் காக்கிற மெழுகு. விட்டால் தானே வெளியே வந்துவிடும். குடைந்தவர் அதை உள்ளே தள்ளித் தள்ளிக் கட்டியாக்கி வைத்திருக்கிறார் என்று விளக்கினார். இளக்குவதற்குச் சொட்டு மருந்து கொடுத்து, அடுத்த தடவை வந்தபோது உறிஞ்சி எடுத்தார். அப்புறம் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, பீப் சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார்கள். தறிச் சத்தம் தின்றதில் கேட்கும் திறன் கொஞ்சம் போனதுதான், அது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் தறி செட்டுக்குள் காதை மூடாமல் நுழையக் கூடாது. வருஷத்துக்கு ஒருமுறை வந்து சோதித்துக்கொள்ள வேண்டும். இதுதான் தீர்ப்பு.

ராஜதுரைக்கு அந்த 'கொஞ்சம் போனதுதான்' என்பது வழி முழுக்க முகத்தில் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அண்ணாந்து பார்த்தார்.

"இந்த ஃபேன் எப்பவும் இப்படித்தான் கத்துமா?"

"நான் வந்த நாள்ல இருந்து கத்துது."

"சொல்லக் கூடாதா?"

"சொன்னேன். தலையாட்டுனிய."

காது தெளிந்ததில் பொன்செல்விக்கு ஒரு நஷ்டமும் இருந்தது. அவருக்குத்தான் கேட்காதே என்று, மனதில் பட்டதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பழகியிருந்தாள். ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு அவர் செட்டிலிருந்து வரத் தாமதமாயிற்று. வந்த பிறகும் கைகால் கழுவ ஒரு யுகம் எடுத்தார். "எந்நேரமும் செட்டுதான். பேசாம கட்டிலையும் அங்கனயே போட்டுக்கிட வேண்டியதுதான்" என்று அடுப்பைப் பார்த்து முணுமுணுத்தாள்.

"கட்டில் அங்கன கொள்ளாது" என்று குழாயடியிலிருந்து பதில் வந்தது.

பொன்செல்வி கரண்டியோடு உறைந்து நின்றாள். அதற்குப் பிறகு அவர்களுக்குள் நடந்ததுதான் கல்யாணமான பிறகு வந்த முதல் உருப்படியான சண்டை. அவள் ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்ல, சோறு ஆறிப்போகும்வரை நடந்தது. இருவருக்குமே அது பிடித்திருந்தது.

காது மூடிகள் வாங்கி வந்தார். இரண்டு பக்கமும் கிண்ணம் கவிழ்த்தது மாதிரி, தலைக்கு மேல் வளைவோடு. பொன்னுச்சாமி பார்த்துவிட்டு, "மொதலாளி பிளேன் ஓட்டப் போறியளா?" என்று கேலி பேசினான். ராஜதுரை அவனுக்கும் ஒன்று வாங்கி வைத்திருந்தார். காது வியர்க்கிறது, ஊடு நூலை இழுத்து ஓடும் நாடா சிக்கினால் சத்தத்தில்தான் தெரியும் என்று அவன் நாலு நாள் சாக்குச் சொன்னான். ராஜதுரை ஒரே பேச்சில் முடித்தார்: "ஏலே, பொண்டாட்டி சொல்லுதது கேக்காமப் போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். போடுலே." பொன்னுச்சாமி போட்டுக்கொண்டான். வேலை முடிந்து போகும்போது தலைக்குள் இரைகிற இரைச்சல் குறைந்திருக்கிறது என்று அவனே வந்து சொன்னான்.

இப்போதெல்லாம் ராச்சாப்பாடு முடிந்ததும் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ராஜதுரை புதுச் செட்டைக் கழற்றித் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே பொன்செல்வி பக்கத்தில் நின்று தன் பல்லை விளக்குவாள். இடம் பற்றாமல் முழங்கை முட்டிக்கொள்ளும். செட்டை மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டுவிட்டு அவர் வந்து உட்காருவார். களிம்பை அவள் கையில் தடவிவிடுவது தன் வேலை என்று அவராகவே எடுத்துக்கொண்டுவிட்டார். நூலைக் கையாண்ட விரல். வெடிப்பின் போக்கைப் பார்த்து மெல்லத் தடவும். அவள் அதற்குள் தேன்மொழி அனுப்பியதைப் போனில் உரக்கப் படிப்பாள். இடையில் இரண்டு தடவை "சரியாக் கேக்கல, திருப்பிப் படி" என்பார் அவர். ஒன்று நிஜமாகவே கேட்காதது. இன்னொன்று எதற்கு என்று அவள் கேட்பதில்லை.

வைகாசியில் பொன்னுச்சாமியின் தங்கை மகளுக்குத் திருவேங்கடத்தில் கல்யாணம். இருவரும் போனார்கள். மண்டப வாசலில் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். ராஜதுரை பொன்செல்வியின் கையைப் பிடித்து, அவற்றைச் சுற்றிக்கொண்டு போய் மண்டபத்தின் கடைசி வரிசையில் ஜன்னலோரமாக உட்காரவைத்தார். புளியங்குடியிலிருந்து வந்திருந்த எலுமிச்சைக் கடைச் சிநேகிதி ஒருத்தி அவளை முதலில் அடையாளம் தெரியாமல் கடந்துபோய், திரும்பி வந்து, "ஏட்டி செல்வி! கண்ணாடில டீச்சர் மாதிரில்லா இருக்க!" என்று கன்னத்தைக் கிள்ளினாள். பேசிக்கொண்டே அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்தவள், புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். என்ன தடவுகிறாய் என்று கேட்டாள். பொன்செல்வி களிம்பின் பெயரைச் சொன்னாள். யார் தடவுகிறார் என்பதைச் சொல்லவில்லை. அதற்குள் முகம் சிவந்துவிட்டது.

சாப்பாடு முடிந்து, உச்சி வெயில் தாழ்ந்த பிறகு டவுன் பஸ் பிடித்தார்கள். கூட்டமில்லை. பொன்செல்வி சேலைத் தலைப்பால் கைகளைப் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கரிசல் காடு இரண்டு பக்கமும் உழுது கிடந்தது. நல்ல சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற காற்று. பஸ் நாலு நிறுத்தம் தாண்டுவதற்குள் அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. ராஜதுரை அதைக் காம்பைப் பிடித்து மெல்லக் கழற்றினார். கண்ணாடியில் விரல் படாமல் மடக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார். "சங்கரன்கோவில் ரெண்டு" என்றார் ராஜதுரை, அவளை எழுப்பிவிடாத குரலில். அரைத் தூக்கத்தில் அது அவளுக்குக் கேட்டது. கண்ணைத் திறக்கவில்லை, இன்னும் கொஞ்சம் வாகாகச் சாய்ந்துகொண்டாள்.